டிகிரி முடித்தாயிற்று, அடுத்து சென்னையில் என்ன படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கேள்விகள் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கடைசி வருட மாணவர்கள் கேட்பதையும் அவர்களுடைய அம்மா அப்பா கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிக்கையில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பி.ஜி. படிக்கத்தான் வேண்டுமா? கூடப் படித்தவர்கள் எல்லோரும் சேர்கிறார்கள்.

கட்டாயம் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, யு.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு டிகிரி போதும், எம்.ஏ. இருந்தால் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவது, கல்லூரியில் கற்பிப்பது, ஆராய்ச்சிக்குப் போவது, சமூகப்பணி, புள்ளியியல், உளவியல் போன்ற துறைகளில் வேலைக்குப் போவது, இவற்றுக்கெல்லாம் பி.ஜி. இல்லாமல் உள்ளே போக முடியாது. முதலில் எந்த வேலைக்குப் போக ஆசை என்று யோசியுங்கள், அந்த வேலைக்கான பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து "கல்வித் தகுதி" என்ற பத்தியை மட்டும் படியுங்கள். அதில் என்ன டிகிரி, என்ன பெயரில், எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு படிப்பைத் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், கிடைத்த சீட்டில் சேர்ந்துவிட்டு இரண்டு வருடம் கழித்து இதற்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்பதற்காக ஒரு பி.ஜி. சேர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதும், அதன் கீழ் இருக்கும் ஒரு கல்லூரியில் படிப்பதும் ஒன்றுதானா?

பட்டம் கொடுப்பது ஒரே பல்கலைக்கழகம்தான். ஆனால் படிப்பு அனுபவம் வேறு. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என்று வளாகங்கள் இருக்கின்றன, அங்கே இருப்பவை பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். கணிதத்துக்கு ராமானுஜன் பெயரில் சேப்பாக்கத்தில் தனி நிறுவனமே உண்டு. கிண்டி வளாகத்தில் அறிவியல் துறைகள். அங்குள்ள படிகவியல், உயிர் இயற்பியல் துறை ஜி.என். ராமச்சந்திரன் உருவாக்கியது, கொலாஜன் புரதத்தின் மூன்று இழை அமைப்பை அவர் 1954-இல் வெளியிட்டது இந்தத் துறையிலிருந்துதான். தமிழும் மற்ற மொழிகளும் மெரினா வளாகத்தில். அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில்.

துறையில் சேர்ந்தால் வகுப்பில் ஆட்கள் குறைவு, பக்கத்து அறையில் பிஎச்.டி. செய்பவர் இருப்பார், வேறு துறையில் ஒரு விருப்பப் பாடம் எடுத்துப் படிக்கலாம். ஆராய்ச்சி ஆசை இருந்தால் துறைக்குப் போங்கள். கல்லூரி என்றால் மாநிலக் கல்லூரி, ராணி மேரி, லயோலா, தாம்பரம் எம்.சி.சி., ஸ்டெல்லா மேரிஸ், எத்திராஜ், டபிள்யூ.சி.சி., பச்சையப்பன், விவேகானந்தா என்று பெரிய பட்டியல். இவற்றில் பல தன்னாட்சிக் கல்லூரிகள், அதாவது பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியே போடும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அதனால் ஒரே எம்.ஏ. ஆங்கிலம் என்றாலும் இரண்டு கல்லூரியில் இரண்டு விதமாக இருக்கும். சேருவதற்கு முன்பு பாடத்திட்டத்தை இறக்கி நான்கு செமஸ்டரையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், இதை யாருமே செய்வதில்லை!

இன்னொன்று. அதே கல்லூரியில் அதே படிப்பு அரசு உதவி பெறும் எய்டட் பிரிவிலும் இருக்கலாம், அந்த உதவி இல்லாத செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவிலும் இருக்கலாம். கட்டணம் பல மடங்கு வேறுபடும். விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியில் டிக் செய்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

பி.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல் முடிக்கிறேன். எம்.எஸ்சி. தவிர வழியில்லையா?

எம்.எஸ்சி.யே நல்ல வழி, எங்கே என்பதுதான் கேள்வி. ஐ.ஐ.டி.யில் பி.டெக். மட்டும்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் பி.எஸ்சி. மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. ஜாம் என்ற தேர்வு எழுதினால் சென்னை ஐ.ஐ.டி. உட்படப் பல ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். பிப்ரவரியில் தேர்வு, விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். இரண்டாம் வருட முடிவில் தயாரிப்பை ஆரம்பித்தால்தான் சரியாக வரும், கடைசி செமஸ்டரில் கேள்விப்பட்டுப் பயன் இல்லை.

அப்புறம் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது, சி.எம்.ஐ. என்பார்கள். கணிதம், கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் மூன்றிலும் எம்.எஸ்சி. உண்டு, தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, அங்கே பிஎச்.டி.க்கு வருபவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். இரண்டுமே நம் ஊரில், ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. கணிதத்தில் உண்மையான ஆர்வம் உள்ள ஒரு பையனோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பழைய வினாத்தாள்களை இறக்கிக் கையில் கொடுங்கள். மார்க் வாங்கப் படித்த கணக்குக்கும் அதில் கேட்கும் கணக்குக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும், அதில் உட்கார்ந்து மல்லுக்கட்டப் பிடித்திருந்தால் அவர்கள் இடம் அதுதான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. தேர்வு. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் எல்லாம் அதில் வரும்.

பி.இ. முடித்தவன். எம்.இ.க்கு கேட் எழுதவா, டான்செட் எழுதவா?

தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட் இப்போது எம்.பி.ஏ.வுக்கும் எம்.சி.ஏ.வுக்கும் மட்டும். எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளான். படிப்புகளுக்கு 2023 முதல் சீட்டா என்ற தனித் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு டான்செட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முடிந்தால் தேசிய அளவில் நடக்கும் கேட் தேர்வை எழுதுங்கள், எழுதியபின் சீட்டாவும் எழுதுங்கள். காரணம் பணம். கேட் மதிப்பெண்ணோடு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற முழுநேர எம்.இ.யில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம் வரை. சீட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் இந்த வருடம் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டுக்கூட அடுத்த வருடம் சேரலாம். கிண்டியில் இருக்கும் சி.இ.ஜி., ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். எம்.இ. என்றால் முதலில் இவற்றைக் குறிவையுங்கள், பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். அதற்குக் கீழே போகும்போது அந்தக் கல்லூரியில் உங்கள் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள் என்று விசாரியுங்கள். இரண்டே பேர் உட்காரும் எம்.இ. வகுப்பில் என்ன நடத்துவார்கள், சொல்லுங்கள்.

ஐ.ஐ.டி.யில் எம்.டெக். தவிர எம்.எஸ். என்று ஒன்று உண்டு, ஆராய்ச்சி வழிப் பட்டம். பாடம் குறைவு, ஆய்வு அதிகம், நேர்முகத் தேர்வு முக்கியம். கைக்கருவியும் கோடிங்கும் பிடிக்கும் ஆட்களுக்கு எம்.டெக்.கைவிட இது பொருந்தும் என்பது என் எண்ணம். வேலையை விடாமல் படிக்க விரும்பும் இன்ஜினீயர்களுக்கு இணைய வழி எம்.டெக்.கும் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

எந்த டிகிரி முடித்தாலும் எம்.பி.ஏ. படிக்கலாம் என்கிறார்களே?

படிக்கலாம். பி.ஏ. வரலாறும் சரி, பி.இ. மெக்கானிக்கலும் சரி. ஆனால் எம்.பி.ஏ.வில் என்ன படித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, எங்கே படித்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனிகள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் கல்லூரியில் கிடைத்தால் சேருங்கள். ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறைக்கு ஐ.ஐ.எம்.கள் நவம்பர் கடைசியில் நடத்தும் சி.ஏ.டி. தேர்வு வேண்டும். லயோலா வளாகத்தில் இருக்கும் லிபா போன்ற நிறுவனங்களும் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கும். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் மாநிலக் கவுன்சிலிங்கில் வரும் மற்றக் கல்லூரிகளுக்கும் டான்செட், கவுன்சிலிங்கை நடத்துவது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. முடிந்தால் இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டுப் போங்கள். சம்பளம் வாங்கி, ஒரு மேனேஜரிடம் திட்டு வாங்கி, ஒரு கஸ்டமரைச் சமாளித்துவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது புரியும். நேராகப் போனவர்களுக்கு எல்லாம் பவர்பாயின்ட்டாகவே இருக்கும்.

எம்.சி.ஏ. இப்போது மூன்று வருடம் இல்லை, இரண்டே வருடம். பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டுமா என்று அறிவிக்கையில் பாருங்கள்.

பி.காம். முடித்திருக்கிறேன். எம்.காம்.மா, சி.ஏ.வா?

கற்பிக்கும் ஆசை இருந்தால் எம்.காம். கம்பெனிக் கணக்கு, ஆடிட், வரி என்றால் சி.ஏ. முயற்சி செய்யுங்கள். பிளஸ் டூ முடித்ததும் தொடங்கினால்தான் சி.ஏ. என்று நினைக்க வேண்டாம். பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் பதிவு செய்யலாம், மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம். புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது, ஆனால் இன்டரின் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் அதில் சேர முடியும். தேர்வுகளும் இப்போது வருடத்துக்கு மூன்று முறை. எல்லாம் முதல் தடவையே பாஸ் ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், பலருக்கு அதைவிட நீளும். அந்த வருடங்களில் வீட்டில் யாராவது "இன்னுமா முடியல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், பெற்றோருக்குத்தான் சொல்கிறேன்.

சி.ஏ. தனக்குச் சரிப்படாது என்று தோன்றினால் சி.எம்.ஏ.வும் சி.எஸ்.ஸும் இரண்டாம் தரப் படிப்புகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொழிற்சாலைச் செலவுக் கணக்கில் மனம் இருப்பவருக்கு சி.எம்.ஏ., சட்டமும் கம்பெனி நிர்வாகமும் பிடித்தவருக்கு சி.எஸ். பட்டதாரிகள் 50 சதவீதம் வைத்திருந்தால் சி.எஸ். நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. சி.ஏ.க்கும் சி.எஸ்.ஸுக்கும் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில், சி.எம்.ஏ.வுக்கு எழும்பூரில். நேரில் போய்க் கேட்டால் விளக்கமாகச் சொல்கிறார்கள். இந்த மூன்றில் எதை முடித்தாலும் முதுகலைக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021-இல் ஏற்றுக்கொண்டது, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுகூட எழுதலாம்.

டிகிரிக்குப் பிறகு மூன்று வருட சட்டப்படிப்பு எப்படி?

நல்ல படிப்பு, பகுதி நேரமாகச் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஈவினிங் லா காலேஜ் காலமெல்லாம் போய்விட்டது, வருகைப்பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் டிகிரி மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறது. அதன் சொந்தச் சீர்மிகு சட்டப்பள்ளி பெருங்குடியில். உயர்நீதிமன்றத்தின் பக்கத்தில் இருந்த பழைய சட்டக் கல்லூரி 2018-இல் இடம் மாறிவிட்டது, புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும். இரண்டுமே நகரத்துக்கு வெளியே, போக்குவரத்தை யோசித்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகு பார் கவுன்சிலில் பதிவு, அதன்பின் அகில இந்திய பார் தேர்வு. மாதச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வக்கீலாகவும் இருக்க முடியாது. முதல் சில வருடங்கள் சீனியரிடம் மிகக் குறைந்த வருமானத்தில் ஓட்ட வேண்டியிருக்கும், அதற்கு வீட்டில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று முன்பே பேசிவிடுங்கள்.

பி.எட். முதலா, பி.ஜி. முதலா?

பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்கு முதுகலை ஆசிரியர் ஆக இரண்டும் வேண்டும், வரிசை உங்கள் வசதி. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரைக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி வேண்டும். சிக்கல் வருவது பெயரில். ஆசிரியர் தேர்வு வாரியம் பி.ஜி.யும் யூ.ஜி.யும் ஒரே பாடமா என்று பார்க்கும், பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் இருப்பதோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சமம் என்று அரசு சொல்லும் இணைத்தன்மை அரசாணை காட்ட வேண்டும். கவர்ச்சியான புதுப் பெயர்களில் வரும் எம்.எஸ்சி.களில் சேருவதற்கு முன் "இதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா" என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பி.எட்.டுக்குச் சென்னையில் அரசு நிறுவனம் என்றால் சைதாப்பேட்டையும், திருவல்லிக்கேணி லேடி வெலிங்டனும்.

எம்.ஏ. தமிழ் அல்லது வரலாறு படிக்க ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். எழுத்து, பதிப்பு, மொழிபெயர்ப்பு, பத்திரிகை, ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம், போட்டித் தேர்வு, ஆசிரியப் பணி என்று போகும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் வகுப்புக்குப் போய் நோட்ஸ் வாங்கி வந்தால் மட்டும் எதுவும் நடக்காது, இந்தப் படிப்பு நூலகத்தில்தான் நடக்கிறது. அந்த விஷயத்தில் சென்னை கொடுத்து வைத்த ஊர். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், அதே பகுதியில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம், பெசன்ட் நகரில் உ.வே. சாமிநாதையர் நூலகத்தில் ஓலைச்சுவடிகள், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களும் இதழ்களும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். தரமணியிலேயே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு நிறுவனம். சேப்பாக்கம், கோட்டூர்புரம், தரமணி மூன்றும் பறக்கும் ரயில் பாதையில் நிலையங்கள், காலையில் வகுப்பு, மதியம் நூலகம் என்று ஒரே பாஸில் சுற்றிவிடலாம். வேறு ஊர்ப் பிள்ளைகள் ரயில் ஏறி வந்து லாட்ஜில் தங்கிப் பார்க்கும் ஆவணங்கள் இவை. எம்.ஏ. வரலாறு படிக்கும் ஒருவர் முதல் செமஸ்டரிலேயே ஆவணக்காப்பகத்துக்குள் ஒருமுறை போய் வந்துவிட்டால் மீதி மூன்று செமஸ்டரும் வேறு மாதிரி இருக்கும்.

கூடவே ஆங்கிலம், யூனிகோடு தட்டச்சு, கொஞ்சம் கணினி. இவை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் கவுன்சிலிங் சென்டர் வைக்கலாமா?

மனநல ஆலோசனை சார்ந்த வேலைகளுக்குப் போகலாம். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப் பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அது அவர்கள் அங்கீகரித்த தனிப் படிப்பு முடித்தால்தான் கிடைக்கும். மனிதர்களோடு நேரடியாக வேலை செய்ய ஆசை என்றால் சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வையும் பாருங்கள், எழும்பூரில் 1952 முதல் இருக்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மேரிஸ் எல்லாவற்றிலும் உண்டு. களப்பணி கடுமையாக இருக்கும், வெயிலில் அலைய வேண்டும்.

தொலைதூரக் கல்வியில் படித்தால் செல்லுமா?

செல்லும், மூன்று விஷயம் சரியாக இருந்தால். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் பெரியது, அனுமதி இருக்கும் என்று ஊகிக்காதீர்கள், படிப்பு வாரியாகத்தான் அனுமதி. அனுமதி பெற்ற இடத்தில் வாங்கிய பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இலேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இப்போது சேர்வதற்கு முன் டி.இ.பி. அடையாள எண் ஒன்றை நீங்களே இணையத்தில் உருவாக்க வேண்டும். ஏஜென்ட் "எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ எல்லாம் இங்கேயே இருக்கும்போது வேறு மாநிலத்து ஏஜென்ட் எதற்கு?

பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேராக டிகிரியோ பி.ஜி.யோ வாங்கினால் தமிழக அரசு வேலைக்கு அது ஏற்கப்படாது, சட்டப்படிப்புக்கும் ஏற்கப்படாது. அந்த வரிசை தவறக்கூடாது. இன்ஜினீயரிங், சட்டம், மருத்துவம் சார்ந்த படிப்புகள் தொலைதூரத்தில் கிடையாது, யாராவது தருகிறேன் என்றால் அது பொய்.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி?

முடியும், 2022 முதல். ஒன்று நேரடி, இன்னொன்று தொலைதூரம் அல்லது ஆன்லைன் என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது.

எம்.ஃபில். முடித்துவிட்டு பிஎச்.டி. போகலாம் என்றிருந்தேன்.

எம்.ஃபில். இல்லை. 2022 விதிமுறையோடு நிறுத்திவிட்டார்கள், இன்னும் யாராவது சேர்க்கை போட்டால் சேராதீர்கள். பி.ஜி.யில் 55 சதவீதம் இருந்தால் நேராக பிஎச்.டி., நான்கு வருட டிகிரியில் 75 சதவீதம் எடுத்தவர்கள் பி.ஜி. இல்லாமலேயே போகலாம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம், பெண்களுக்கு மொத்தத்தில் 240 நாள் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. துறையில் கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. வேலையில் இருப்பவர் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் செய்யலாம். ஆன்லைன் பிஎச்.டி. என்று ஒன்று கிடையாது.

நெட் எழுதுங்கள். அதில் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. அந்தப் பணம் இருந்தால் கையேந்தாமல் ஆய்வு செய்யலாம். ஜே.ஆர்.எஃப். தவறினாலும் 2024 முதல் நெட் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கே பயன்படுத்தலாம்.

கைடு தேர்வு பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் பல பேருடைய ஐந்தாறு வருடம் இதில்தான் கரைகிறது. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். எனவே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர் எழுதிய இரண்டு கட்டுரை படியுங்கள். அதன்பின் அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களைத் தனியாகச் சந்தித்து டீ குடியுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், வீட்டு வேலை சொல்கிறாரா, பெண் மாணவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாரா, போன மாணவர் எத்தனை வருடத்தில் வைவா முடித்தார், இதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். ஒரு மாணவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். பி.ஜி. ஆங்கிலத்தில் இருக்குமே?

முதல் செமஸ்டர் கஷ்டம், இரண்டாவதில் பழகிவிடும். வகுப்பில் புரியாததைத் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள், எந்த நல்ல ஆசிரியரும் கோபப்பட மாட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பி.ஜி. தகுதியாகக் கேட்கும் வேலைக்கு அந்த பி.ஜி.யும் தமிழ் வழியில் இருந்தால்தான் கணக்கு, அதை யோசித்து முடிவெடுங்கள்.

அரியர் இருக்கிறது, விண்ணப்பிக்கலாமா?

பல இடங்களில் விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர்க்கைக்குள் முடித்து ப்ராவிஷனல் சான்றிதழ் காட்ட வேண்டும்.

பணம்?

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பி.ஜி.க்கும் பிஎச்.டி.க்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டமும் முதல் பட்டதாரிச் சலுகையும் பி.ஜி.க்குக் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கல்விக் கடன் 4 லட்சம் வரை மார்ஜின் பணம் (நாம் கையிலிருந்து போடும் பங்கு) வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து அந்த எண்ணோடு வங்கிக்குப் போங்கள், மேனேஜர் வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

சான்றிதழ்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் தமிழக அரசின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்குச் செல்லும். ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், கேட், நெட் போன்றவற்றில் அது செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதைக் கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். இது இல்லாமல் பொதுப் பிரிவில் போட்டு சீட்டை இழந்த பிள்ளைகள் அதிகம். பல்கலைக்கழகம் மாறுகிறீர்கள் என்றால், உதாரணமாக பாரதியாரிலிருந்து சென்னைக்கு, மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும்.

ஒரு இடத்தில் சேர்ந்து பணம் கட்டிவிட்டேன், வேறு நல்ல இடத்தில் சீட் வந்திருக்கிறது. பணம் திரும்ப வருமா?

வரும். யு.ஜி.சி. 2018-இல் போட்ட விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணம், அதில் அலுவலகச் செலவுக்கு ஒரு சிறு தொகையை மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. திரும்பத் தர வேண்டிய டெபாசிட் தனி, அது முழுதாக வரும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் அதிகாரம் இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், நேரிலும் கொடுத்து சீல் வைத்த நகல் வாங்குங்கள், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதில்தான் சதவீதம் நிற்கிறது. தராமல் இழுத்தடித்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் அந்த நகலை இணைத்துப் புகார் பதியலாம்.